உக்கலின் வரவு செலவு: கொட்டகலைத் தேயிலை மண்ணை முன்வைத்து

கொட்டகலையில் ஒரு மலைக்குக் கவ்வாத்து முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தால் தேயிலைத் தூர்கள் மொட்டையாக நிற்கும். நிரைகளுக்கிடையே வெட்டிய வாதுகளும் இலைகளும் காலை மறைக்கும் அளவுக்குக் கிடக்கும். பின்னேரத்தில் அந்த மிலாறு கட்டுக்கட்டாகத் தலையில் ஏறி லயங்களை நோக்கி நகரும். தடித்த வாது அடுப்புக்குப் போகிறது. இலையும் நுனியும் கிடந்த இடத்திலேயே உக்குகின்றன. எது போகிறது, எது கிடக்கிறது என்பதை அங்கே யாரும் இரசாயனமாக நினைப்பதில்லை. ஆனால் அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்கு அந்த மலையின் மண் எப்படி இருக்கும் என்பதில் பெரும் பங்கை அந்தப் பின்னேரம்தான் தீர்மானிக்கிறது.

இலங்கைப் பாடநூல்கள் 'உக்கல்' என்றும், தமிழ்நாட்டார் 'மட்கு' என்றும் சொல்லும் கரிய மண்பொருளைப் பற்றியது இக்கட்டுரை. அதன் நெருங்கிய உறவான முற்றா நிலக்கரியும், அதாவது பீட்டும், இதில் சேரும். இவை எவற்றால் ஆனவை, ஏன் ஓரிடத்தில் தங்கி இன்னோரிடத்தில் தீர்ந்துவிடுகின்றன, தேயிலைக்கு என்ன செய்கின்றன, இழந்ததை எப்படித் திரும்பப் பெறுவது என்பவையே கேள்விகள். பேச்சு வழக்கில் 'உக்கிப் போச்சு' என்றால் ஒரு பொருள் கெட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். மண்ணின் கணக்கில் அதே சொல் வரவையும் குறிக்கிறது, செலவையும் குறிக்கிறது. இந்த இரட்டைப் பொருளை மறந்ததால் வந்த குழப்பங்களே இத்துறையின் வரலாற்றில் பாதி.

இருநூறு ஆண்டுச் சர்ச்சை

1786 இல் ஜெர்மானிய இரசாயனர் அகார்ட் பீட்டைக் காரக் கரைசலில் ஊறவைத்தார். கரைசல் கறுத்தது. அதில் அமிலம் சேர்த்ததும் கபில நிறத்தில் ஒரு வண்டல் படிந்தது. அந்த எளிய சோதனையே பின்னர் வகைப்பாடாகிவிட்டது. காரத்தில் கரைந்து அமிலத்தில் படிவது ஹியூமிக் அமிலம். இரண்டிலும் கரைந்தே இருப்பது பல்விக் அமிலம். எதிலும் கரையாமல் மண்ணோடு தங்குவது ஹியூமின். இன்றும் உரக்கடைப் போத்தல்களில் அச்சாகும் பெயர்கள் இந்தப் பிரிப்பிலிருந்து வந்தவைதாம்.

உக்கலின் பயன் பற்றிய கருத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய்ந்து வந்திருக்கிறது. 1809 இல் வேளாண் அறிஞர் தேயர், பயிர் உக்கலையே உண்கிறது என்றார். 1840 இல் இரசாயனர் லீபிக், பயிருக்கு வேண்டியவை கனிமச் சத்துகளே என்று அதை மறுத்தார். இன்றைய உரமூட்டைகள் எல்லாம் லீபிக் திறந்த வாசலால் வந்தவை. பிற்காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசினுக்காக நொபெல் பரிசு பெற்ற வாக்ஸ்மன், 1936 இல் 'ஹியூமஸ்' என்ற பெருநூலை எழுதினார். காரத்தில் பிரித்தெடுத்ததை வைத்து மண்ணுக்குள் இருப்பதற்குப் பெயர் சூட்டலாமா என்ற ஐயத்தை அவர் அப்போதே எழுப்பியிருந்தார்.

அந்த ஐயம் 2015 இல் உரத்து ஒலித்தது. மண்ணியலாளர்கள் லேமனும் கிளெபரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையின் சாரம் இது: மண்ணில் 'ஹியூமிக் பொருள்' என்று தனியாக ஒரு நிலையான பெருமூலக்கூறு கிடையாது. இருப்பது ஒரு தொடர். ஒரு முனையில் முழு இலை, மறுமுனையில் காபனீரொட்சைட்டு, இடையில் சிதைவின் எல்லாப் படிகளும். சில துண்டுகள் நெடுங்காலம் தங்குவதற்குக் காரணம் அவற்றின் வன்மை அல்ல, அவை இருக்கும் இடம். களித் துகளோடு ஒட்டிக்கொண்டோ, மண்கட்டியின் உள்ளறையில் அடைபட்டோ, நுண்ணங்கியின் கைக்கு எட்டாமல் அவை தப்பியிருக்கின்றன. இதை ஏற்காத ஹியூமிக் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாதம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விவசாயிக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே. உக்கலைச் சேமித்து வைத்த பொருளாக எண்ணக்கூடாது. அது நாள்தோறும் வரவும் செலவும் நடக்கும் ஒரு கணக்கு. வரவு நின்றால் இருப்பு கரையும்.

கோப்பையின் நிறமும் மண்ணின் நிறமும்

இந்த இரசாயனத்தைத் தேயிலைத் தோட்டத்தாருக்கு விளக்க ஆய்வுகூடம் தேவையில்லை, தொழிற்சாலை போதும். கொழுந்தின் உலர் எடையில் ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் பொலிபீனோல்கள். உருட்டும்போது கலங்கள் உடைகின்றன. உள்ளே பிரிந்திருந்த நொதியமும் கற்றெச்சின்களும் ஒட்சிசனோடு சேர்கின்றன. பச்சை இலை செம்பு நிறமாகிக் கபிலமாகிறது. அப்போது உண்டாகும் தியாபுளோவின்களின் அமைப்பு நன்கு தெரிந்ததே. ஆனால் தேநீருக்குக் கடும் நிறத்தைத் தரும் தியாரூபிஜின்கள் ஒற்றைப் பொருளல்ல. அவை ஆயிரக்கணக்கான சேர்வைகளின் கலவை. வடிவத்தை முழுதாக வரைந்து காட்ட இன்னமும் முடியவில்லை.

மண்ணில் விழுந்த இலையிலும் ஏறத்தாழ இதே வேலை நடக்கிறது. பங்கசுகளின் நொதியங்கள் இலையின் பீனோல்களையும் இலிக்னின் சிதைவுகளையும் ஒட்சியேற்றிக் குயினோன்களாக்குகின்றன. அவை நைதரசன் கொண்ட புரதச் சிதைவுகளோடு பிணைந்து கறுக்கின்றன. உக்கல் உருவாவதற்கு இது ஒன்றே வழி என்று முன்பு நம்பினார்கள். இறந்த நுண்ணங்கிகளின் உடற்பொருளே பெரும்பங்கு என்பது இன்றைய கணிப்பு. எப்படியாயினும் தேநீரின் கபிலமும் உக்கலின் கபிலமும் பங்காளிகள். வேறுபாடு ஒன்றுதான். தொழிற்சாலையில் உலர்த்தியின் சூடு அந்த மாற்றத்தை உரிய வேளையில் நிறுத்திவிடும். மண்ணில் நிறுத்துவாரில்லை, காபனீரொட்சைட்டாக முடியும்வரை அது நடந்துகொண்டே இருக்கும்.

குளிரும் நீரும் போடும் தாழ்ப்பாள்

நிறுத்த முடியாவிட்டாலும் தாமதப்படுத்த இரண்டுக்கு முடியும்: குளிருக்கும் நீருக்கும். வெப்பம் 10 பாகை குறைந்தால் சிதைவின் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவிதி. அதனால்தான் கீழ்நாட்டுத் தேயிலை மண்ணைவிட, நாலாயிரம் அடிக்கு மேலுள்ள கொட்டகலை மண்ணில் சேதனக் காபன் கூடுதலாக நிற்கிறது. இன்னும் உயரே, நுவரெலியாவைத் தாண்டி ஹோர்ட்டன் சமவெளியின் பத்தனைகளில், புல்வேர் பின்னிய மேல்மண் கரிக்கட்டை நிறத்தில் இருக்கும். பத்தனை என்றால் மலைப் புல்வெளி. கொட்டகலையை அடுத்து, ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கும் பத்தனை தன் பெயரிலேயே ஒரு பழைய புல்வெளியைச் சுமந்து நிற்கிறது.

நீர் போடும் தாழ்ப்பாள் இன்னும் இறுக்கமானது. ஒட்சிசன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறக்குறையப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். சதுப்பில் விழுந்த இலைக்கு மூச்சு முட்டுகிறது. பீனோல்களை உடைக்கும் நொதியத்துக்கு ஒட்சிசன் வேண்டும். அது கிடைக்காமல் பீனோல்கள் தேங்க, அவை மற்றச் சிதைவு நொதியங்களையும் முடக்கிவிடுகின்றன. இப்படி உக்கி முடியாமல் நின்றுபோனதே பீட். அது வளர்வது ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில். டென்மார்க்கில் 1950 இல் பீட் வெட்டியவர்கள் கண்டெடுத்த 'டொலுண்ட் மனிதன்' என்ற சடலம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. முகத்தில் முளைத்த குறுந்தாடிகூடத் தெரிந்தது.

இப்படி எதையும் அழியவிடாததால் பீட் ஓர் ஆவணக் காப்பகமும் ஆகிறது. நீலகிரியின் பீட் படிவுகளில் காபன் ஓரிடத்தான்களை அளந்து, சுகுமாரும் உடனாய்வாளர்களும் 1993 இல் 'நேச்சர்' இதழில் தென்னிந்திய மலைகளின் 20,000 ஆண்டுக் காலநிலை வரலாற்றை எழுதினார்கள். புல் மிகுந்த வறண்ட காலம் எது, காடு மிகுந்த ஈரக்காலம் எது என்பதைப் பீட் அடுக்கடுக்காகச் சொன்னது. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணிலிருந்து எடுத்த மகரந்த மணிகளைக் கொண்டு பிரேமதிலகவும் ரிஸ்பெர்க்கும் 2003 இல் வெளியிட்ட ஆய்வும் அதே நெடுங்காலத்தைத் தொடுகிறது.

இலங்கையில் பீட் என்றதும் நினைவுக்கு வரவேண்டியது கொழும்புக்கு வடக்கேயுள்ள முத்துராஜவெல. ஏறக்குறைய 3,000 ஹெக்டேயர் பரந்த இந்தச் சதுப்பின் பீட்டை எரித்து மின்சாரம் எடுக்கலாமா என்று ஒரு காலத்தில் ஆராய்ந்தார்கள். அளவும் தரமும் வணிகத்துக்குப் போதாது என்று கைவிட்டார்கள். 1996 இல் அதன் வடபகுதி சரணாலயமாயிற்று. கைவிட்டது நல்லதே. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், மண்ணிலுள்ள காபனில் ஏறக்குறைய மூன்றிலொன்றைத் தாங்கி நிற்கின்றன. நீரை வடித்தால் தாழ்ப்பாள் திறந்துகொள்ளும். இந்தோனேசியாவில் பத்து இலட்சம் ஹெக்டேயர் பீட் நிலத்தை நெல்வயலாக்க 1996 இல் கான் வெட்டினார்கள். மறு ஆண்டே அது எரிந்த புகை அயல்நாட்டு வானத்தையும் மூடியது.

நம் மலைகளில் தோட்டம் போட்ட ஸ்கொட்லாந்துக்காரர்களுக்குப் பீட் புதிதல்ல. அவர்கள் ஊரில் அது குளிர் காயவும் விஸ்கிக்கு மோல்ற் உலர்த்தவும் எரித்த பொருள். ஆனால் தேயிலைச் சரிவில் பீட்டுக்கு இடமில்லை. வடிகாலுள்ள அந்த மண்ணில் காற்று புகும், உக்கல் எரிந்துகொண்டே இருக்கும். இங்கே இருப்பைக் காக்க ஒரே வழி, வரவை நிறுத்தாமல் வைத்திருப்பதுதான்.

அமில மண்ணில் உக்கலின் வேலை

தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி. கார அமிலச் சுட்டெண் 4.5 க்கும் 5.5 க்கும் இடையில் இருந்தால் அதற்குச் சுகம். அந்த மண்ணின் களி பெரும்பாலும் கயோலினைற்று. கல்சியம், மகனீசியம், பொற்றாசியம் போன்ற நேரேற்றச் சத்துகளைப் பிடித்துவைக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. போட்ட உரம் அடுத்த பெருமழையில் கானோடு போய்விடும். உக்கலிலுள்ள காபொட்சிலிக் கூட்டங்கள், தேயிலை விரும்பும் இந்த அமில நிலையிலேயே ஐதரசனை இழந்து எதிரேற்றம் கொள்ளத் தொடங்குகின்றன. சத்துகள் அவற்றில் தொற்றிக்கொள்கின்றன. எடைக்கு எடை, கயோலினைற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பிடித்துவைக்கும் வல்லமை உக்கலுக்கு உண்டு.

இரண்டாவது வேலை அலுமினியத்தோடு. அமிலம் கூடினால் களியிலிருந்து அலுமினியம் கரைந்து வெளிவரும். தேயிலை அதை இலையில் தேக்கித் தாங்கிக்கொள்ளும். கொட்டகலையின் லீக்ஸும் கரட்டும் தாங்காது. உக்கல் அலுமினியத்தைப் பற்றி நச்சைத் தணிக்கிறது. அந்தப் பிடியே உக்கலையும் நுண்ணங்கியிடமிருந்து காக்கிறது. இரும்பும் அலுமினியமும் பூட்டிவைக்கும் பொசுபேற்றையும் சேதன அமிலங்கள் ஓரளவு விடுவிக்கின்றன.

மூன்றாவது வேலை மண்ணின் கட்டமைப்பு. பங்கசு இழைகளும் பசைகளும் துகள்களைக் கூட்டி மணிமணியாக்குவதால் மழைநீர் மேலே ஓடாமல் உள்ளே இறங்குகிறது. வரட்சி மாதங்களில் சருகு மூடிய மலையும் வெறும் மலையும் எப்படி வேறாக நிற்கும் என்பதைச் சொல்லக் கொழுந்தெடுப்பவர்களுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

எப்படி இழந்தோம்

இந்த மண் காட்டின் சேமிப்பில் பிறந்தது. 19 ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காட்டை வெட்டி எரித்தார்கள். 1869 இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி சரிந்தது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இருபயிரும் காடு விட்டுப்போன உக்கலையே முதலில் தின்றன. புல் பூண்டில்லாத 'சுத்தமான' மலையே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று சுரண்டிச் சுரண்டிக் களை எடுத்தார்கள். சரிவில் மண் கழுவுண்டால் முதலில் போவது மேலடுக்கு. அதிலும் முதலில் மிதந்து போவது கனமற்ற சேதனத் துகள். அதனால் ஓடிப்போன வண்டல், பின்தங்கிய மண்ணைவிடக் காபன் செறிந்தது. 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பெரும் இழப்பு நடந்து முடிந்திருந்தது. இன்றும் சரிவுகளிலிருந்து இறங்குவது கொத்மலை ஓயாவின் நீர்த்தேக்கங்களில் படிகிறது.

மீட்கும் வழிகள்

கொட்டகலைக்கு அருகிலேயே, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில், 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிது நடுமுன் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கௌதமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்த்து, வெட்டி, அங்கேயே பரப்பி மண்ணைத் தேற்றும் முறையை அது பரிந்துரைத்து வருகிறது. நிழல் மரங்களும் ஒரு வரவுக் கணக்கே. டடப் இலை நைதரசன் மிக்கது, விரைவில் உக்கும். கிரவிலியா இலை மெதுவாக உக்கி மண்ணை நெடுநாள் மூடியிருக்கும். இரண்டும் கலந்து நிற்பதில் அர்த்தமுண்டு. காபனுக்கும் நைதரசனுக்குமுள்ள விகிதம் 25 க்குக் கீழிருந்தால் சிதைவு நைதரசனை வெளிவிடும். அதற்கு வெகுவாக மேலே போனால் நுண்ணங்கிகளே மண்ணின் நைதரசனைத் தற்காலிகமாக விழுங்கிவிடும். மரத்தூளை மட்டும் போட்டவர்களின் செடி மஞ்சளாவது இதனால்தான்.

இந்தூரில் கூட்டுப்பசளை முறையை உருவாக்கிய அல்பர்ட் ஹவார்ட், 1937-38 காலத்தில் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். 1940 இல் வந்த தம் நூலில், தேயிலை வேரோடு வாழும் பங்கசுகளையும் உக்கலையும் இணைத்து எழுதினார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் இன்று ஏற்கமுடியாது. ஆனால் கவ்வாத்துக் கழிவையும் மாட்டுப்பட்டிச் சாணத்தையும் தோட்டத்தின் சொத்தாகப் பார்த்த பார்வை பழுதானதல்ல.

அந்தப் பார்வையைக் கணக்கில்லாமல் சட்டமாக்கினால் என்ன ஆகும் என்பதை 2021 காட்டியது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடைசெய்தது. நவம்பரில் தடையைக் கைவிட்டது. இடையில் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பல், தீங்கான பற்றீரியா இருப்பதாகத் திருப்பி அனுப்பப்பட்டது. 2021 இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறக்குறைய 251 மில்லியனாக வீழ்ந்தது. எரிபொருள் நெருக்கடிக்கும் அதில் பங்குண்டு. ஆனால் பசளையின் பங்கை யாரும் மறுக்கமாட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். தயார் தேயிலையில் ஏறக்குறைய 4 சதவீதம் நைதரசன். 1,000 கிலோ தேயிலை ஒரு மலையை விட்டுப் போனால் 40 கிலோ நைதரசன் போகிறது. கூட்டுப்பசளையில் 1 சதவீதம் நைதரசன் என்று கொண்டால், போனதை ஈடுசெய்யவே உலர்நிலையில் 4 தொன் வேண்டும். முதலாண்டில் அதன் ஒரு பகுதியே செடிக்குக் கிடைக்கும். ஈரத்தோடு அதைச் செங்குத்துச் சரிவில் சுமந்து ஏறுவது யார், அதற்கு எத்தனை நாட்கூலிப் 'பெயர்' போடுவது என்ற கேள்வி எந்த வர்த்தமானியிலும் இல்லை. உக்கல் நைதரசன் மூட்டைக்கு மாற்றல்ல. அந்த மூட்டை வீணாகாமல் காக்கும் கொள்கலம். தேயருக்கும் லீபிக்குக்கும் நடுவில் இருக்கும் இந்த உண்மையைத் தவறவிட்டதே 2021 இன் பிழை.

போத்தலும் தும்புத்தூளும்

பிழையின் மறுபக்கம் உரக்கடையில் நிற்கிறது. பழுப்பு நிலக்கரியிலிருந்து காரத்தால் பிரித்த ஹியூமிக் அமிலம் போத்தலாக விற்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதில் ஆய்வு செய்திருக்கிறது. வேர் வளர்ச்சியைத் தூண்டும் பலன் பல சோதனைகளில் தெரிந்தது உண்மை. 2014 இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, செடியின் தண்டுக்கும் வேருக்கும் சராசரியாக ஐந்திலொரு பங்கு வளர்ச்சி கூடியதாகக் கண்டது. ஆனால் முடிவுகள் சோதனைக்குச் சோதனை பெரிதும் வேறுபட்டன. தூண்டுதல் வேறு, மண்ணின் இருப்பு வேறு. ஒரு ஹெக்டேயரில் 15 சென்ரிமீற்றர் ஆழ மண்ணின் எடை ஏறக்குறைய 2,000 தொன். காபன் 2 சதவீதமென்றால் 40 தொன்; வழக்கமான 1.724 ஆல் பெருக்கினால் சேதனப் பொருள் 69 தொன். அதில் ஆண்டுக்கு 2 சதவீதம் தீர்கிறது என்று வைத்தால் 1.4 தொன் செலவு. போடும் சருகில் மூன்றிலொன்று தங்கும் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், இருந்த இடத்தில் நிற்கவே ஆண்டுக்கு 4 தொன் உலர் சருகு வேண்டும். இரண்டு லீற்றர்ப் போத்தல் இந்தக் கணக்கில் எந்த வரியில் ஏறும்?

தும்புத்தூளின் கதை வேறு. ஐரோப்பாவில் பீட் வெட்டுவதற்கு எதிர்ப்பு வளர்ந்து, அயர்லாந்தின் அரச நிறுவனமான போர்ட் நா மோனா 2021 இல் பீட் அகழ்வை முற்றாக நிறுத்திய காலத்தில், தென்னந்தும்பின் கழிவு உலக நாற்றுமேடைகளில் பீட்டின் இடத்தைப் பிடித்துவருகிறது. இலிக்னின் மிகுந்ததால் அது மெதுவாகவே உக்கும். நீரை நன்றாகத் தாங்கும். நுவரெலியாவின் பசுமைக்குடில்களிலும் அதைப் பையிலிட்டுப் பயிர் வளர்க்கிறார்கள். ஆனால் சத்து அதில் அற்பம். கழுவாவிட்டால் உப்பும் இருக்கும். அது வேருக்கு ஒரு வீடு. சாப்பாடு வேறிடத்திலிருந்து வரவேண்டும்.

முடிவாக

கொட்டகலை மண்ணுக்கு இந்த ஆய்வு சொல்வது மூன்று. ஒன்று: ஒவ்வொரு கவ்வாத்துக்கும் ஒரு முறை மலைவாரியாகக் காபனை அளந்து ஏட்டில் எழுதவேண்டும். கொழுந்தின் எடையை நாள்தோறும் எழுதும் தோட்டத்துக்கு இது பெரிய வேலையல்ல. இரண்டு: உரத்தையும் உக்கலையும் எதிரிகளாக நிறுத்தும் பேச்சை விட்டு, ஒன்றைத் தாங்க மற்றது என்று சேர்த்துத் திட்டமிடவேண்டும். மூன்றாவது அடுப்பைப் பற்றியது. லயத்து அடுப்பில் எரியும் மிலாறு, சாம்பலாகப் பொற்றாசியத்தைத் திருப்பித் தரலாம். காபனும் நைதரசனும் புகையோடு போய்விடும். அதற்காகக் கட்டைத் தூக்கிப் போகிறவரிடம் 'மண்ணுக்கு விட்டுவிடு' என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இரவுச் சாப்பாடு ஆகவேண்டும். எரிவாயுவோ வேறு விறகோ கைக்கெட்டும் விலையில் லயத்துக்கு வந்து சேர்ந்தால், மிலாறு தானாக மலையில் தங்கும். தேயிலை மண்ணின் காபன் கணக்கில் முதல் வரியை அந்த அடுப்பிலிருந்து எழுதத் தொடங்கவேண்டும்.